எச்சரிக்கைக் கடிதம் வீடாகாது

மழை பிடித்தால் மலையகத்தில் ஒரே செய்திதான். "நிலம் தாழிறங்கியது, லயக் குடும்பங்கள் பாடசாலையில் தங்கவைப்பு." மழை விட்டதும் பாடசாலையைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். வெடித்த சுவர் வெடித்தபடியே இருக்க, நாம் அதே லயத்துக்குத் திரும்புகிறோம்.

நிலம் ஒரே இரவில் இறங்குவதில்லை. சரிவில் மழைநீர் ஊறி, மண் கனத்து, பிடி தளர்ந்து நகர்கிறது. மலையில் கான்கள் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் ஓட வழியின்றி மண்ணுக்குள் இறங்கும். வீதிக்காகச் சரிவின் அடியை வெட்டினால் மேல்மண்ணுக்குத் தாங்கல் இல்லை. நிலத்தடி வேலையும் காரணமாகலாம். உமா ஓயா சுரங்கத்தில் 2014 இறுதியில் நீர் பீறிட்ட பிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன.

அதே ஆண்டு ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் அதன் பின்னரும் எச்சரித்திருந்தது. "சொல்லியும் மக்கள் போகவில்லையே" என்று பிறகு சிலர் கேட்டார்கள். எங்கே போவது? காணி அரசினுடையது, குத்தகை கம்பெனியினுடையது, லயம் தோட்டத்தினுடையது. போ என்று சொன்னவர்கள் போக ஓர் இடம் காட்டவில்லை.

ஆகவே நமது கோரிக்கை இதுதான். அபாய இடம் என்று அறிவித்தால், அந்த அறிவிப்போடு பாதுகாப்பான மாற்றுக் காணியும் உறுதியும் வர வேண்டும். கான் வெட்டும் வேலையைத் தோட்ட நிர்வாகங்கள் செலவு என்று குறைக்கக் கூடாது. அது உயிர்க்காப்பு வேலை.

நாமும் கண்ணைத் திறந்து வைத்திருப்போம். தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று, இறுகிப்போன கதவு ஆகியவை நிலம் நகர்வதன் அடையாளங்கள். கண்டால் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். 117க்கு அழையுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்டத் தலைவருக்கும் அறிவியுங்கள். வெடிப்பைத் திகதியோடு படம் எடுத்து, முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் லயங்களைச் சுற்றிப் பார்க்கட்டும். காணியைக் கேட்க இன்னொரு மீரியபெத்தை வேண்டாம்.