எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்கள் யாரைக் கேட்டோம்?



2024 செப்டெம்பர் நடுப்பகுதி ஞாபகம் இருக்கா? இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. எங்கட வட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் ஒரு கருத்துக்கணிப்புப் படம் வந்து விழுந்தது. யாருக்கு எத்தனை வீதம், யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு. வென்ட்வேர்த்வில்லில் இருந்தும் டண்டெனோங்கில் இருந்தும் யாழ்ப்பாணத்துக்கு ஃபோன் பறந்தது. "மாமி, அநுரதான் வரப்போறாராம், வோட்டை வீணாக்காதேங்கோ" என்றார்கள் சிலர். "தமிழ்ச் சனம் முழுக்கப் பொது வேட்பாளருக்குத்தான், நீங்களும் அவருக்கே போடுங்கோ" என்றார்கள் வேறு சிலர். அங்கே வாக்குரிமையே இல்லாத நாங்கள், இரண்டு பக்கமும் ஒரே நிச்சயத்தோடு பேசினோம்.

செப்டெம்பர் 21 தேர்தல் முடிந்தது. அநுரகுமார திசாநாயக்க 42.31 வீதத்தோடு நாட்டில் முதலிடம். ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர் நாலாம் இடம், வெறும் 27,086 வாக்கு. சஜித் பிரேமதாசவுக்கு 121,177. பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 116,688. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 84,558. "சனம் முழுக்க" என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை. சனம் மூன்றாகப் பிரிந்து நின்றது.

கதை அதோடு முடியவில்லை. எட்டுக் கிழமைகூட ஆகவில்லை, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்கு எடுத்து முதலிடம் வந்தது. ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களுக்கு. இதை எங்களில் எத்தனை பேர் எதிர்பார்த்தோம்? நேர்மையாகச் சொல்லுங்கோ.

கணக்கை ஒருக்கால் பார்ப்போம். நாடு முழுவதும் ஆயிரம் பேரைக் கேட்கிற ஒரு கணிப்புக்கு, மேலே கீழே 3 புள்ளி பிழை வரலாம். அந்த ஆயிரத்தில் இலங்கைத் தமிழர் 110 பேரளவில் இருப்பார்கள். அவர்களை மட்டும் தனியாக எடுத்தால் பிழை 9 புள்ளியைத் தாண்டும். அந்த 110 பேரும் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, கொழும்பு என்று சிதறிக் கிடப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு என்று மிஞ்சுவது ஒரு சின்னக் கைப்பிடி. கணிப்பு நாட்டைச் சரியாகச் சொல்லலாம். எங்கட ஊரைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாமல் விடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இங்கேயும் இதே கதைதான். 2021 குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 95,000 பேர். ஆயிரம் பேர் கொண்ட ஒரு கணிப்பில் நாலு தமிழர். அதுவும் அவர்கள் ஆங்கிலத்தில் வரும் கேள்விக்குப் பதில் சொல்ல மினக்கெட்டால்தான். அந்த நாலுக்குள்ளும் வராத ஆட்கள் இருக்கிறார்கள். படகில் வந்து பத்து வருஷத்துக்கு மேல் தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருக்கும் எங்கட ஆட்கள், 2024இல் மெல்பேர்ண் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்துக்கு முன்னால் இரவு பகலாகக் கூடாரம் போட்டு இருந்தார்களே, அவர்களைத்தான் சொல்கிறோம். தேர்தலால் ஆகக் கூடப் பாதிக்கப்படுவது அவர்கள். வாக்காளர் இல்லை என்பதால் எந்தக் கணிப்பும் அவர்களை ஒரு ஆளாக எண்ணுவதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கணிப்பு நிறுவனங்களைத் திட்டுவது சுகம். அதற்கு முதல் 2019ஐ நினைத்துப் பார்ப்போம். அந்த வருஷம் மே மாதம் நடந்த இங்கத்தைய சமஷ்டித் தேர்தலில் கடைசிக் கணிப்புகள் எல்லாமே லேபர் வெல்லும் என்றன. லிபரல்-நஷனல் கூட்டணி 51.5 வீதத்தோடு வென்றது. ஏன் பிழைத்தது என்று பிறகு விசாரித்தபோது தெரிய வந்தது: கேட்கப்பட்ட மாதிரி மக்களைப் பிரதிபலிக்கவில்லை, கூடப் படித்தவர்களும் அரசியலில் கூட ஆர்வம் உள்ளவர்களும் அதில் அளவுக்கு மிஞ்சி இருந்திருக்கலாம்.

படித்தவர்கள், அரசியல் ஆர்வம் உள்ளவர்கள். யாரைப் போல இருக்கு? எங்களைப் போலத்தான். எங்கட கூட்டத்துக்கு வருகிறவர்கள், எங்கட பதிவுக்கு விருப்பம் போடுகிறவர்கள், நாங்கள் ஃபோன் எடுக்கிற மாமி, சித்தப்பா. இதுதான் எங்கட மாதிரி. இதை வைத்துக்கொண்டு துண்டுப்பிரசுரத்திலும் கன்பராவில் எம்.பி.மாருக்குக் கொடுக்கிற கடிதத்திலும் "தமிழ் மக்கள் கோருவது" என்று எழுதுகிறோம். யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் போகிறவரும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளையும், டண்டெனோங்கில் இரவு வேலை முடித்து வருகிற அண்ணாவும் அந்த வசனத்துக்குள் இருக்கிறார்களா? நாங்கள் அவர்களைக் கேட்கவே இல்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயோர்க் ஒரு உதாரணம். 2024 நவம்பரில் ஸோரான் மம்தானி மைக்கோடு பிரொங்ஸிலும் குயீன்ஸிலும் தெருவில் நின்று, ட்ரம்புக்கு வோட்டுப் போட்டவர்களிடமும் போடாமலே விட்டவர்களிடமும் ஏன் என்று கேட்டார். வாடகை, சாப்பாட்டு விலை என்று அவர்கள் சொன்னதுதான் அவருடைய பிரசாரத்தின் மையத்திலும் இருந்தது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் கணிப்புகளில் அவர் அடிமட்டத்தில் கிடந்தார். ஜூன் 24 ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில், விருப்பு வாக்குகளும் எண்ணி முடிந்தபோது, அண்ட்ரூ கியூமோவை 56க்கு 44 என்று வென்றார். யார் வோட்டுப் போட வருவார்கள் என்று கணிப்பு நிறுவனம் ஊகிக்க வேண்டும். பழைய தேர்தல்களைப் பார்த்துத்தான் ஊகிக்கிறது. வராத ஆட்களைத் தொண்டர்கள் கதவு தட்டிக் கொண்டுவந்தபோது அந்த ஊகம் உடைந்தது.

2026 நவம்பர் 28 விக்டோரியாவில் மாநிலத் தேர்தல். 2027 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸில். திரும்பவும் படங்கள் வந்து விழும். பகிர்வதற்கு முதல் பாருங்கோ: எத்தனை பேரை, எப்போது, எந்த மொழியில் கேட்டார்கள், காசு கொடுத்தது யார்?

அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கு. எங்களில் ஒவ்வொருவரும் எங்கட வட்டத்துக்கு வெளியே உள்ள ஐந்து பேரைத் தமிழில் கேட்போம். இந்த வருஷம் உங்களுக்கு ஆகப் பெரிய கஷ்டம் என்ன? யார் அதைப் பற்றி உங்களோடு கதைத்தது? நாங்கள் என்ன செய்யவேணும்? பதிலைத் திருத்தாமல், எங்களுக்குப் பிடிக்காததையும் சேர்த்து, அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கோ. அதை வாசித்த பிறகு "தமிழ் மக்கள் கோருவது" என்று எழுதலாமா என்று யோசிப்போம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழு