குப்பைமேட்டுக் கதையும் கெஹென்னாவும்

"கெஹென்னா என்பது எருசலேமில் குப்பை எரித்த இடம், அதை நரகம் எனப் பெயர்த்தது பிழை." கருத்தரங்குகளில் இக்கூற்று ஐயமின்றி ஒப்பிக்கப்படுகிறது. முதுகலைத் தேர்வில் நானும் இதை எழுதி மதிப்பெண் பெற்றவன். எனவே இக்கண்டனத்தில் எனக்கும் பங்குண்டு.

சொல்லின் பிறப்பு தெளிவானது. எருசலேமின் தெற்கேயுள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் எபிரேயப் பெயர், அரமேய வடிவத்தின் வழியே கிரேக்கத்தில் கெஹென்னா ஆயிற்று. அங்கே பிள்ளைகள் நெருப்பில் பலியிடப்பட்டதை எரேமியா கண்டித்தார். யோசியா மன்னர் அப்பலியிடத்தைத் தீட்டுப்படுத்தினார். நெருப்பும் தண்டனையும் அப்பெயரோடு ஒட்டிக்கொண்டது இவ்வாறே.

குப்பைக்குச் சான்று யாது? ஆய்வாளர் சுட்டும் மிகப் பழைய குறிப்பு, 1200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்ஹியினுடையது. நற்செய்தி நூல்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிற்பட்டது அது! தொல்லியலும் துணைநிற்கவில்லை. 1979இல் இன்னோம் பள்ளத்தாக்கின் சரிவில் கபிரியேல் பார்க்காய் கண்டெடுத்த வெள்ளிச் சுருள்கள் கல்லறைக் குகையில் கிடைத்தவை. முற்கால ரோமர் ஆட்சிக்குரிய பெருங்குப்பைக் குவியல் வெளிப்பட்டதோ, கிழக்கே கிதரோன் பள்ளத்தாக்கை நோக்கிய சரிவில்.

குப்பைமேடு மெய்யென்றே கொள்வோம். அப்போதும் வாதம் நிற்காது. சொல்லின் பிறப்பு அதன் பொருளைத் தீர்மானிப்பதில்லை. 'நாற்றம்' முன்பு நறுமணத்தையும் குறித்தது என்பதற்காக, இன்று அச்சொல்லால் ஒருவரைப் பாராட்ட இயலுமா? மத்தேயு 10:28 ஆன்மாவும் உடலும் கெஹென்னாவில் அழிக்கப்படுவதைப் பேசுகிறது. ஆன்மாவை அழிக்கும் குப்பைமேடு எந்த நகரில் உள்ளது?

மறுதரப்பும் பிழையற்றதன்று. புதிய ஏற்பாட்டில் கெஹென்னா 12 இடங்களில் வருகிறது. யாக்கோபு 3:6 தவிர, ஏனைய 11 இடங்களும் இயேசுவின் கூற்றுகள். ஹேடிஸ் இறந்தோர் உலகு. தார்த்தரஸ் பேதுருவின் இரண்டாம் மடலில் ஒருமுறை மட்டும் வினைவடிவில் வருகிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பு இம்மூன்றையும் பெரும்பாலும் 'ஹெல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்தது. ஹேடிஸைப் பாதாளம் என்றும் கெஹென்னாவை நரகம் என்றும் பிரித்த பழைய தமிழ்ப் பெயர்ப்பு இவ்வகையில் கூர்மையானது. மொழிபெயர்ப்புப் பிழையைத் தேடுவோர் தேடவேண்டிய இடம் இதுவே.

கெஹென்னா முடிவற்ற வதையா, முற்றழிவா என்பது இன்றும் திறந்துள்ள வினா. விடையைச் சொல்லின் பிறப்பில் தேடாதீர்கள். சொல் வழங்கிய தொடர்களில் தேடுங்கள். நம்பிக்கையாளராயினும் மறுப்பாளராயினும், தமக்கு உவப்பான கதைக்குச் சான்று கேட்க மறப்பவர் ஆய்வாளர் ஆகார்.