பிரஸ்ஸல்ஸா, லண்டனா?

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அது முழுக்க முழுக்க வலதுசாரிகளின் கைவரிசை என்றே நம் சங்க அன்பர்கள் பலர் எண்ணுகின்றனர். ஒரு காலத்தில் இதே கோரிக்கையை உரக்க எழுப்பியவர்கள் இடதுசாரிகள் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

1975-ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்பில், ஐரோப்பியப் பொதுச் சந்தையில் நீடிக்கவே கூடாது என்று பிரசாரம் செய்தவர் தொழிற்கட்சி அமைச்சர் டோனி பென். நீடிக்கச் சொன்னவர்களில் மார்கரெட் தாட்சரும் ஒருவர்! வாக்களித்தவர்களில் 67 சதவீதத்தினர் நீடிக்கவே விரும்பினர். 1983 தேர்தல் அறிக்கையிலும் தொழிற்கட்சி வெளியேறுவோம் என்றது; படுதோல்வி கண்டது.

பென்னின் வாதம் எளிது. நம்மை ஆள்பவர்களை ஓட்டுப் போட்டு இறக்க நம்மால் முடிய வேண்டும். பிரஸ்ஸல்ஸ் ஆணையத்தை எந்த வாக்காளர் இறக்குவது?

பிறகு காற்று திசை மாறியது. 1984-85-இல் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. தொலைபேசி 1984-லும், எரிவாயு 1986-லும், இங்கிலாந்தின் குடிநீர் 1989-லும் தனியாருக்கு விற்கப்பட்டன. 1988 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோர் பிரிட்டிஷ் தொழிற்சங்க மாநாட்டுக்கே வந்து, தொழிலாளர் உரிமைக்கு ஐரோப்பா துணை நிற்கும் என்றார். லண்டனில் அடிபட்டவர்கள் பிரஸ்ஸல்ஸில் மருந்து தேடினார்கள்.

என் கருத்து இதுதான். பென்னின் கேள்வி நியாயமானது. 2015-இல் கிரேக்க மக்கள் 61 சதவீதம் பேர் சிக்கன நிபந்தனைகளை வேண்டாமென்று வாக்களித்தும், அவர்கள் அரசு அவற்றை ஏற்க நேர்ந்தது. ஆனால் பிரிட்டனின் கதை வேறு. அது யூரோ நாணயத்தில் சேரவில்லை. குடிநீரை விற்றது பிரஸ்ஸல்ஸ் அல்ல, லண்டன் நாடாளுமன்றம். ஒன்றியத்தில் இருந்தபோதே, 2009 முதல் 2015 வரை, கிழக்குக் கடற்கரை ரயில் தடத்தை அரசே நடத்தியது. பிறகு அதை மீண்டும் தனியாரிடம் கொடுத்ததும் லண்டன்தான். வெளியேறிய பிறகும் இங்கிலாந்தின் குடிநீர் தனியார் கையில்தான் இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்!

1991-க்குப் பின் நம் நாட்டிலும் அரசு நிறுவனப் பங்குகள் விற்கப்படும்போதெல்லாம் வெளிநாட்டு நெருக்கடியைக் காரணம் சொல்லக் கேட்டிருக்கிறோம். நெருக்கடி இருக்கலாம். கையெழுத்திட்டவர் யார் என்று கேட்பதை மட்டும் நாம் விட்டுவிடக் கூடாது. அவர் நம் ஓட்டுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறார்.