பழைய சட்டையும் புதிய உபதேசமும்

குழந்தைகளுக்கு 'த்ரிஃப்ட்' துணி வாங்குவது இப்போது முற்போக்கின் அடையாளமாகிவிட்டது. இரண்டு முறை உடுத்திய ஃபிராக், சாயம் போகாத குட்டி ஜீன்ஸ், பாதி விலை. ஆறு மாதத்தில் அளவு பத்தாமல் போகும் உடுப்புக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறார்கள் சூழலியலாளர்கள். நியாயம்தான். தாராளமாக வாங்குங்கள்.

எனக்கு உறுத்துவது கூடவே வரும் உபதேசம். பொங்கலுக்குக் கடன் வாங்கிப் பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கும் சேரித் தாயிடம், "பழசு போட்டா கவுரவம் குறைஞ்சிடுமா?" என்று கேட்கிறார்களே, அது.

குறைந்துவிடும், தோழர்களே. குறைப்பதற்காகவே அந்தப் பழசு கொடுக்கப்பட்டது. சூத்திர வேலையாளுக்கு மிச்சச் சோற்றையும் பழந்துணியையும் கொடு என்கிறது மனுநூல் (10:125). சண்டாளருக்குப் பிணத்தின் துணியே உடை என்கிறது அதே அத்தியாயம். 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது விதித்த எட்டுத் தடைகளில், ஆண்கள் சட்டையோ பனியனோ போடக்கூடாது என்பதும் ஒன்று. 2012இலும் தலித் இளைஞர்களின் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் பாமக நிறுவனர் ராமதாசின் கண்ணை உறுத்தின. தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் உடுப்பு முறையை விட்டொழியுங்கள் என்று 1927இல் மகத்தில் பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் பேசியது சும்மா இல்லை.

பண்ணை வீட்டுப் பழைய சட்டையில் பள்ளிக்குப் போனவன் நான். கிழிசல் இல்லாத நல்ல சட்டைதான். ஆனால் அதன் பழைய சொந்தக்காரன் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தான். "டேய், அது என் சட்டை" என்று அவன் ஒரு தடவை சொன்னால் போதும், மொத்தப் பள்ளிக்கும் தெரிந்துவிடும். உங்கள் மகளின் த்ரிஃப்ட் ஃபிராக்குக்கு அந்தச் சொந்தக்காரன் கிடையாது. நிறத்தை அவள் தேர்ந்தெடுத்தாள், விலையை நீங்கள் கொடுத்தீர்கள், கணக்கு அங்கேயே தீர்ந்தது. எங்கள் கணக்கு தீராது. அந்தச் சட்டைக்கு ஈடாக அம்மா கூலி உயர்வு கேட்காமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய துணியை மறுபடி உடுப்பாக்கும் வேலை இன்ஸ்டாகிராமில் பிறந்ததல்ல. டெல்லி ரகுபீர் நகரில் விடியுமுன் கூடும் பழந்துணிச் சந்தையைப் பல்லாண்டாக நடத்திவருபவர்கள் வாக்ரி சமூகப் பெண்கள். தெருத்தெருவாகப் பாத்திரம் கொடுத்துத் துணி வாங்கி, தரம் பிரித்து, தைத்து விற்கிறார்கள். அவர்கள் செய்தால் அழுக்குத் தொழில், நீங்கள் செய்தால் ஸ்டைலா?

ஆகவே, உங்கள் பிள்ளைக்குப் பழசு போடுங்கள், பெருமையாகப் படமும் போடுங்கள். ஆனால் வீட்டுவேலை செய்யும் அக்காவுக்குத் தீபாவளி போனஸைப் பணமாகக் கொடுங்கள், பழந்துணி மூட்டையாகக் கொடுக்காதீர்கள். அவர் பிள்ளைக்குப் புதுசு எடுத்தால் சுற்றுச்சூழல் பாடம் எடுக்காதீர்கள். புதுசு வாங்கும் அளவுக்குக் கூலி கையில் இருப்பவர்தான் பழசைத் தேர்ந்தெடுக்க முடியும். முதலில் அந்தக் கூலியைப் பேசுவோம்.