பூட்டு நட்டின் சாவி எங்கே?

தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும்போது, முறுக்கு டின்னை ஏற்றும் முன் காரின் பின்பெட்டியில் ஐந்து பொருள்களைத் தேடுவேன்: ஜேக், நட் கழற்றும் ஸ்பானர், ஜேக்கின் அடியில் வைக்கப் பலகைத் துண்டு, டார்ச் லைட், எச்சரிக்கை முக்கோணம். ரிம்மில் பூட்டு நட் இருந்தால் அதன் சாவியும் வேண்டும். அது இல்லாவிட்டால் சக்கரம் கழலாது.

ஸ்பேர் டயரிலும் காற்றைப் பாருங்கள். மெலிந்த தற்காலிக டயருக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ தேவை; வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வலப்பக்க டயர் பஞ்சரானால் மட்டும் நான் ஸ்பானரைத் தொடமாட்டேன். வாகனங்கள் முதுகை உரசிக்கொண்டு போகும். குடும்பத்தைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு, பிளஸ் உதவி எண் 1800-88-0000ஐ அழையுங்கள். இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.