கதிர்ப்படம் எடுப்பவரின் யோக்கியதை

கேரளத்துக் கரமனையில் விழுந்து கையொடிந்த முதியவரை எக்ஸ்ரே அறைக்குள் படுக்கவைத்துவிட்டு வெளியே காத்திருக்கும் உறவினர், விசையை அழுத்துபவரின் யோக்கியதை யாதென வினவக்கூடிய நிலையில் இல்லையாதலால், அவர் சார்பில் அதை வினவும் கடமை சர்க்காருடையது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உடன்பாட்டோடு கதிரியக்கப் பாதுகாப்புக்கெனத் தனி இயக்குநரகம் கண்டது கேரளம், இதைப் பாராட்டுகிறோம். ஆயினும் வாரியத்தின் உரிமம் விசையை அழுத்துபவருக்கன்றி நிலையத்தின் பெயருக்கே வழங்கப்படுகிறது. காந்த விசையால் இயங்கும் எம்.ஆர்.ஐ. யந்திரமோ வாரியத்தின் வரம்புக்கே உட்பட்டதன்று. இக்குறையை நீக்கவல்லது, கதிர்ப்படத் தொழில்நுட்பர் அனைவரையும் மாநிலப் பதிவேட்டில் ஏற்றப் பணிக்கும் 2021-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்.

இத்தகைய கண்காணிப்பு நோயாளிக்கு மட்டுமன்றித் தொழிலாளரின் க்ஷேமத்துக்கும் உரியது. அவர் பெறும் கதிர்வீச்சு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும், எந்த ஓராண்டிலும் 30-ஐயும் மிஞ்சலாகாது. அதை அளக்கும் சிறு வில்லையை ஈய அங்கிக்கு உட்புறம் மார்பில் அணிந்து, மூன்று மாதத்துக்கொருமுறை பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். அவ்வில்லை அவரது மார்பில் இராமல் சுவர் ஆணியில் தொங்குமாயின், வரும் அறிக்கை எவ்வளவு திருப்திகரமாயிருந்தும் என்ன பிரயோஜனம்? பயிற்சியற்ற பையனை இராப்பணிக்கு அமர்த்திச் சம்பளத்தை மிச்சம்பிடிக்கும் வழக்கம் எங்கிருப்பினும், அவனைவிட முதலாளியே தண்டனைக்குரியவர்.

பணியிலிருப்பவரின் பெயரும் பதிவெண்ணும் வரவேற்பு மேஜையருகே மலையாளத்திலும் தமிழிலும் எழுதப்படவேண்டும். சோதனை அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி, முக்கியமாக இரவில், சிறு நிலையங்களுக்குள் நுழையவேண்டும்.