மணிமங்கலம் எங்கே இருக்கிறது?

வகுப்பில் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்த மணிமங்கலம் எங்கள் ஊர்தானா?" என்று கேட்டாள். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியே தினமும் பேருந்தில் போய்வரும் பெண். நாவலை இருமுறை படித்துச் சிவகாமிக்காக அழுதவள். அந்தப் போர்க்களம் தன் வீட்டு வாசலில்தான் இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றியதேயில்லை. அந்தக் கேள்வி சில நாட்கள் என்னை விடவில்லை.

பல்லவ நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் வென்றான் என்கிறது அவன் பேரன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு. பின் 642 அளவில் வாதாபி வீழ்ந்தது. சான்று தருவது ஏறத்தாழ இவ்வளவே. சிவகாமி அதில் இல்லை, ஆயனரும் இல்லை. 1944 முதல் 1946 வரை தொடராக வந்த நாவலில் கல்கி அவர்களைப் படைத்தார். மணிமங்கலப் போரில் மகேந்திரவர்மனையும் நிறுத்தினார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அதில் எனக்குப் புகார் இல்லை.

செப்பேடு மட்டும் கலப்படமற்ற வரலாறு என்றும் சொல்வதற்கில்லை. வெற்றி என்னும் சொல்லைப் புலிகேசியின் முதுகில் எழுதியதாக அது கவிதை பாடுகிறது. பிற்காலப் பல்லவர் செப்பேடு வாதாபியை அழித்தவனை வாதாபி என்னும் அசுரனை அழித்த அகத்தியரோடு ஒப்பிடுகிறது. போர் முடிந்த சில தலைமுறைகளுக்குள்ளாகவே புராணம் தொடங்கிவிட்டது. பரஞ்சோதி வாதாபியிலிருந்து கணபதியைக் கொண்டுவந்தார் என்று இன்று பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். சிறுத்தொண்டரின் வாதாபிப் போரைப் பாடிய சேக்கிழார் மணிகளையும் யானை குதிரைகளையும் சொல்கிறாரே தவிர, கணபதியைச் சொல்லவில்லை.

எல்லைக்கு அப்பால் இதே கதை தலைகீழாக நிற்கிறது. 1967இல் ராஜ்குமார் நடித்து வெளிவந்த 'இம்மடி புலிகேசி' என்ற கன்னடப் படத்தில் நம் வில்லன்தான் நாயகன். நமக்குப் பெருமிதமான வாதாபி, அவர்களுக்கு எரிந்துபோன தலைநகர்.

ஆகவே என் வருத்தம் புனைவின்மீது அல்ல, அதோடு நின்றுவிடும் நம்மீது. ஒரு நாட்டியப் பெண்ணின் சபதமே போருக்குக் காரணம் என்று ஏற்றுக்கொண்டதும், இரு பேரரசுகள் ஏன் தலைமுறைகளாக மோதின என்ற கேள்வி நமக்குத் தேவையற்றதாகிவிடுகிறது. படை நடந்துசென்ற வயல்களும், அவற்றை உழுதவர்களும் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். அவர்களைச் செப்பேடும் பாடவில்லை.

அந்த மாணவியிடம், "உங்கள் ஊர்தான் அம்மா" என்றேன். அடுத்த வாரம் அவ்வூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது ஐயா?" என்று கேட்டாள். நாவல் அவளை அழவைத்தது. பிறகு கல்லின் முன்னே கொண்டுபோயும் நிறுத்தியது. நம் வகுப்பறைகள் செய்ய வேண்டியது அந்தக் கல்லைப் படிக்கக் கற்றுத்தருவது. முதுகலை முடிப்பவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வரிக் கல்வெட்டையாவது வாசிக்கத் தெரியும் என்பதை எண்ணிப் பார்க்கத்தான் அச்சமாக இருக்கிறது.